உசாத்துணை மேசை

தமிழ்நாட்டார் 'பார்வை நூல்' என்று வழங்குவதை ஈழநாட்டிலே நாம் 'உசாத்துணை நூல்' என்கின்றோம். இவ்விரு பெயர்களுள் நம்முடையதே பொருளாழம் மிக்கது என்பது என் துணிபு. நம் நாட்டு வழக்கு என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பார்வை நூல் என்றால், எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலே திரும்ப வைக்கும் நூல் என்ற அளவில் பொருள் நின்றுவிடுகின்றது. உசாத்துணை என்பதோ பழந்தமிழில் நூலைக் குறித்த சொல்லன்று. ஆளைக் குறித்த சொல். உசாவுதல் என்றால் வினாவி அறிதல், கலந்து ஆராய்தல். மனத்திலுள்ளதை எடுத்துச் சொல்லி, 'இது எப்படி, அது எவ்வாறு' என்று பேசித் தெளிவதற்கு வாய்த்த தோழமையே உசாத்துணை. நூலுக்கு அப்பெயர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

ஆயினும், கல்லூரி நூல்நிலையத்தின் உசாத்துணைப் பகுதி என்றவுடன் நம்மிற் பெரும்பாலோர் கண்முன் தோன்றுவது எது? கண்ணாடிக் கதவிட்ட ஓர் அலுமாரியும், 'இரவல் வழங்கப்படமாட்டாது' என்று எழுதி ஒட்டிய ஒரு தாளுமே. அலுமாரிக்கு முன்னால் ஒரு மேசையும், மேசைக்குப் பின்னால் ஓர் ஆளும் இருக்கவேண்டும் என்பது மறந்துபோயிற்று. அந்த மேசையில் அன்றாடம் நடைபெறும் பணியைப் பற்றிப் பெற்றோரும் மாணாக்கரும் அறிந்துகொள்வது நன்று என்று எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

நான் படிப்பிக்கும் கல்லூரியில் அந்த மேசை வாயிலுக்கு எதிரே, உள்ளே வருவோர் கண்ணில் முதலிற் படும்படி போடப்பட்டிருக்கின்றது. நூல்களை இரவல் கொடுத்து வாங்கும் மேசை வேறு. அது பக்கத்திலே சுவரோரமாக உள்ளது. உசாத்துணை மேசையின்மேல் ஒரு தடித்த சீ. ஆர். கொப்பி, சில பென்சில்கள், பழைய வினாத்தாள்களின் வெற்றுப் பக்கங்களை நறுக்கிச் செய்த துண்டுத் தாள்கள். வேறு ஆடம்பரம் ஒன்றுமில்லை. காலை மணி அடிப்பதற்கு முன்பே நூலகர் வந்து அன்றைய பத்திரிகைகளைப் பார்த்து, பயன்படத்தக்க செய்திகளுக்குப் பென்சிலாற் கோடிட்டு வைப்பார். மறுநாள் அவை நறுக்கப்பட்டு, திகதி எழுதப்பட்டு, பொருள்வாரியாக உறைகளிற் சேரும். இடைவேளை மணி அடித்ததும் இருபது நிமிடங்களுக்கு அந்த மேசை சந்தைக்கடை போலாகிவிடும். பாடசாலை விட்ட பின்னர் உயர்தர வகுப்பினர் வருவர். அவர்களுடைய வினாக்களே நேரம் பிடிப்பவை.

வருகின்ற வினாக்களிற் பாதி, 'எங்கே' என்ற வினாக்கள். கடந்தகால வினாத்தாள் எங்கே, தேசப்படம் எங்கே, நேற்றைய பத்திரிகை எங்கே. நூலியல் அறிஞர்கள் இவற்றை உசாத்துணை வினாக்களாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கூச்சமுள்ள பிள்ளை ஒன்று முதன்முதலாக மேசைக்கு வரும்போது, தன் மனத்திலுள்ள வினாவைக் கேட்பதில்லை. 'எங்கே' என்ற ஒன்றைக் கேட்டு, மேசைக்குப் பின்னால் இருப்பவருடைய முகத்தைப் படித்துப் பார்க்கின்றது. முகம் கடுத்தால் அந்த ஆண்டு முழுவதும் திரும்பி வராது.

கேட்கப்படும் வினாவும் வேண்டப்படும் விடையும் ஒன்றாக இருப்பது அரிது. ஒரு நாள் நடந்ததைச் சொல்கின்றேன். மாணவன் ஒருவன் வந்து, "ரீச்சர், சிவஞானசுந்தரத்தின் புத்தகம் இருக்கோ?" என்று கேட்டான். ஆசிரியர் பெயர்களைப் பார்த்து 'சி' வரிசையில் அரைமணி நேரம் தேடிக் களைத்த பின்னரே அவன் மேசைக்கு வந்திருந்தான். நூலகர் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "தம்பி, அவர் என்ன எழுதினவர் என்று வகுப்பிலே சொன்னவை?" என்று கேட்டார்.

ஈழத்து இலக்கியத்திலே சிவஞானசுந்தரங்கள் மூவர் உளர். த. சிவஞானசுந்தரம் என்பவர் 'இலங்கையர்கோன்' என்ற பெயரிற் சிறுகதைகள் எழுதி, 'வெள்ளிப்பாதசரம்' என்ற கதையால் நிலைபெற்றவர், 1961இல் மறைந்தவர். சி. சிவஞானசுந்தரம் 'சிரித்திரன்' சஞ்சிகையை நடத்தி, 'சவாரித் தம்பரை' வரைந்து நாட்டைச் சிரிக்கவைத்தவர். செ. சிவஞானசுந்தரம் வைத்தியர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர், 'நந்தி' என்ற புனைபெயரில் எழுதியவர். மூவருமே புனைபெயராலோ சஞ்சிகையின் பெயராலோ அறியப்பட்டவர்கள். பட்டியலிற் சொந்தப் பெயரைத் தேடினால் மூவரும் அகப்படாமற் போகலாம். அகப்பட்டாலோ ஒருவர் நூல் மற்றவர் பெயரிற் சேர்ந்து குழப்பலாம். "தேயிலைத் தோட்டத்தைப் பற்றின கதை" என்று மாணவன் சொன்னதும் நூலகர் எழுந்து சென்று, 'ந' வரிசையிலிருந்து நந்தியின் 'மலைக்கொழுந்து' என்னும் நாவலை எடுத்து வந்தார். இரண்டு நிமிடம்! அந்த இரண்டு நிமிடத்திலும் நூலைத் தேடுவதற்குச் சென்றது அரை நிமிடமே. மிகுதி, வினாவைத் தேடுவதற்குச் சென்றது.

இக்கலைக்கு ஒரு பிறந்தநாள் சொல்லவேண்டுமாயின் 1876ஆம் ஆண்டைச் சொல்லலாம். அவ்வாண்டிலே பிலடெல்பியா நகரில் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றிய மகாநாட்டில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரப் பொதுநூலகத்தைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் என்பவர் ஒரு கட்டுரை வாசித்தார். நூலகர் நூல்களுக்குக் காவலிருப்பவர் மட்டுமல்லர். வாசகரோடு பழகி, அவருக்கு வேண்டியது யாது என்று கேட்டறிந்து உதவவேண்டியவர் என்பது அதன் சாரம். தச்சன், வியாபாரி, பள்ளிப்பிள்ளை என்று எளிய மனிதர்கள் வந்து கேட்டவற்றையே அவர் உதாரணமாக அடுக்கினார். மெல்வில் தூயியின் தசமப் பகுப்புமுறை வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். நூல்களுக்கு எண்ணிட்ட தூயியை உலகம் அறியும். வாசகரின் முகத்தைப் பார்க்கச் சொன்ன கிறீனை நூலியல் படித்தவர்களே அறிவர்.

நம்மவருள் இதனை ஒரு சாத்திரமாகவே வளர்த்தவர் சீர்காழியில் 1892இற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். சென்னையிலே கணித ஆசிரியராக இருந்தவர், 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்றார். வந்த புதிதில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார் என்பர். (ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் அந்த ஏக்கத்தை நான் நன்கு விளங்கிக்கொள்கின்றேன்.) இலண்டனுக்குச் சென்று நூலியல் பயின்ற பின்னரே மனம் மாறிற்று. அவர் 1931இல் வெளியிட்ட 'நூலகவியலின் ஐந்து விதிகள்' உலகப் புகழ் பெற்றது. வாசகரின் காலம் வீணாகலாகாது என்பது அவற்றுள் நான்காவது. நம் மாணவன் 'சி' வரிசையின் முன் நின்ற அந்த அரைமணி நேரம் அவ்விதிக்கு மாறானது.

இனி, அலுமாரிக்குள் இருப்பவற்றையும் சிறிது பார்ப்போம். அகராதிகளிலே யாழ்ப்பாணத்துக்கு உள்ள பெருமை நம் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. யாழ்ப்பாண அகராதி 1842இல் வெளிவந்தது. மானிப்பாயில் அச்சானமையால் மானிப்பாய் அகராதி என்றும் பெயர் பெற்றது. வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் வந்தது. அதற்கும் அடித்தளம் இட்டவர்கள் யாழ்ப்பாணத்து மிசனரிமாரே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிக்கன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. மானிப்பாய் முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902இலும், சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இலும் தோன்றின. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

இவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், எந்த வினாவுக்கு எதனை எடுக்கக்கூடாது என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். புராணப் பாத்திரம் ஒன்றின் வரலாற்றுக்கு அபிதான சிந்தாமணியை மிஞ்சியது இல்லை. ஆனால் ஒரு நாட்டின் இன்றைய சனத்தொகைக்கு 1954இன் கலைக்களஞ்சியத்தைப் புரட்டுபவன் ஏமாந்துபோவான். பகுப்பெண்ணும் பல வேளைகளில் வழிதவறச் செய்யும். சைவசித்தாந்த நூல் ஒன்று, தூயியின் முறைப்படி இந்துசமயத்துக்குரிய 294.5இலும் இருக்கலாம், இந்தியத் தத்துவத்துக்குரிய 181.4இலும் இருக்கலாம். இரண்டு தட்டுகளுக்கும் இடையே அறையின் முழு நீளமும் கிடக்கின்றது.

சனத்தொகை என்றதும் ஒரு மாணவி நினைவுக்கு வருகின்றாள். உயர்தரத்திற் புவியியல் பயில்பவள். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1971 தொடக்கம் எவ்வாறு மாறிவந்தது என்று வரைபு கீறவேண்டும் என்பது அவளுடைய ஒப்படை. பத்தாண்டுக்கு ஒரு புள்ளியாக அழகாகக் கீறிக்கொண்டு வந்து, '2012க்கு மட்டும் ஒரு எண் வேணும் ரீச்சர்' என்றாள். நூலகர் கொப்பியைப் பார்த்தார்.

"1991க்கு எங்கை எடுத்தனீர், பிள்ளை?"

"போனிலை வந்தது."

1991இல் இலங்கையிற் குடிசன மதிப்பு நடைபெறவேயில்லை. 1981இன் பின்னர் அடுத்தது 2001இலேதான் நடந்தது. அதுவும் 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நிறைவேறிற்று. யாழ்ப்பாணம் அந்தப் பதினெட்டில் ஒன்றன்று. 2012இலேதான் நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. அதற்கடுத்தது 2024ஆம் ஆண்டுக்குரிய கணக்கெடுப்பு. ஆகவே, அந்தப் பெண்ணின் வரைபில் 1981க்கும் 2012க்கும் இடையே இருந்த புள்ளிகள் எண்ணி அறிந்தவையல்ல, யாரோ மதிப்பிட்டவை. மதிப்பீடு தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் மதிப்பீடு என்று சொல்லாமல் அதனை எண்ணிக்கையோடு ஒரே கோட்டில் இணைப்பது தவறு. போதாததற்கு, 1981இல் யாழ்ப்பாண மாவட்டம் என்று சொல்லப்பட்ட நிலப்பரப்பும் இன்றைய மாவட்டமும் ஒன்றல்ல. கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது.

இவற்றை நூலகர் வாயாற் சொல்லி முடித்துவிடவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளை எடுத்து, முன்னுரைகளில் அந்தச் செய்திகள் உள்ள இடங்களைக் காட்டி, பிள்ளையையே வாசிக்கவைத்தார். மாணவியின் முகம் வாடிற்று. கீறிய கோடு பாழாயிற்று அல்லவா! பின்பு அவள் 1981க்கும் 2012க்கும் இடையே கோட்டை அழித்து, முப்பத்தொரு ஆண்டுகளுக்கு வெற்றிடம் விட்டாள். அந்த வெற்றிடத்தில் என்ன நடந்தது என்று வீட்டிலே கேட்டுக்கொண்டு வரும்படி நூலகர் சொல்லி அனுப்பினார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கிற் தென்மராட்சியை நோக்கி நடந்த கதையைத் தாயார் அன்று முதன்முறையாக முழுவதும் சொன்னாராம். ஒப்படையிலே வரைபு ஒரு பக்கம். இடைவெளிக்கு விளக்கம் இரண்டு பக்கம். புவியியல் ஆசிரியர் அந்த இரண்டு பக்கங்களையும் எனக்கு வாசித்துக் காட்டினார்.

சிறிய வினாக்களிலும் இதே பாடம் உண்டு. ஒன்பதாந் தரத்துச் சிறுவன் ஒருவன், "புயல் அடித்த வருடம் எது?" என்று கேட்டான். அம்மம்மாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருந்தார்களாம். "அப்ப அம்மம்மா எந்த ஊரிலை இருந்தவ?" என்பது நூலகரின் எதிர்வினா. திருகோணமலை என்றிருந்தால் விடை 1964 டிசம்பர்; தனுஷ்கோடியை அழித்த புயல் அது. பையன் மட்டக்களப்பு என்றான். ஆகவே 1978 நவம்பர் 23. நறுக்குகளின் உறையை வாங்கிக்கொண்டு அவன் ஓடினான்.

2022ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம், வினாவினால் உடனே விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பரவிவிட்டன. அதன் பின்னர் மேசைக்கு ஒரு புது வகையான வேலை வந்திருக்கின்றது. பண்டைய குளங்களைப் பற்றிச் செயற்றிட்டம் செய்யும் மாணவர் இருவர், ஐந்து நூல்களின் பெயர்களைக் கொண்டுவந்தனர். ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்று நூல்கள் உண்மையில் உள்ளவை. மற்றை இரண்டும் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை. உண்மையான ஆசிரியர் ஒருவரின் பெயரோடு அவர் எழுதாத நூல் ஒன்றை இணைத்து அந்தச் செயலி படைத்துவிட்டது. இல்லாத நூலை இல்லை என்று நிறுவுவதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. உள்ளதைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும் இது கடினம். இறுதியில் நூலகர், ஆர். எல். புரோகியர் 1934, 1935ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட இலங்கையின் பண்டைய நீர்ப்பாசனம் பற்றிய ஆங்கில நூலின் பெயரை எழுதிக் கொடுத்தார். அது எங்களிடம் இல்லை. ஆனாலும் அது உலகத்தில் இருக்கின்றது!

கைத்தொலைபேசியை நான் வெறுப்பவனல்லன். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையத்தளம் இல்லாவிட்டால், ஈழத்துச் சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கானவற்றை எங்கள் பிள்ளைகள் கண்ணாற் கண்டிருக்கமாட்டார்கள். எங்கள் நூலகரும் நாளொன்றுக்குப் பலமுறை அதனைத் திறக்கின்றார். கருவி தரும் விடையை மேசைக்கு ஒருமுறை கொண்டுவாருங்கள் என்பதே மாணாக்கரை நான் கேட்டுக்கொள்வது.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். 'போய் லைப்ரரியிலே கேட்டு எழுதிக்கொண்டு வா' என்று பிள்ளையை அனுப்புகிறீர்கள். மேசையில் இருப்பவர் ஒப்படையை எழுதிக் கொடுப்பவரல்லர். சொல்லின் பொருள், ஒரு திகதி, ஓர் ஊரின் அமைவிடம் ஆகியவற்றை உடனே சொல்லலாம். 'பாரதியைப் பற்றிக் கட்டுரை வேணும்' என்றால் மூன்று நூல்களை எடுத்துத் தந்து, பொருளடக்கத்தைத் திறந்து காட்டுவதோடு அவர் நிறுத்திக்கொள்வார். அதனைக் குறையென்று முறையிட வந்த தந்தையார் ஒருவரை நான் கண்டிருக்கிறேன். மகன் அந்தக் கட்டுரையைத் தானே எழுதினான் என்பது அவருக்குப் பின்னரே தெரிந்தது.

இத்தகைய மேசை எத்தனை பாடசாலைகளில் இருக்கின்றது? நான் முன்பு பணியாற்றிய பாடசாலை ஒன்றில் நல்ல நூல்கள் இருந்தன, நூலகரும் இருந்தார். ஆனால் எந்த ஆசிரியர் வராவிட்டாலும் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி முதலில் அனுப்பப்படுபவர் அந்த நூலகரே. 'அவருக்குத்தான் பாடம் இல்லையே' என்பது காரணம். நூல்நிலையம் பூட்டிக் கிடக்கும். கதவிலுள்ள கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்புவார்கள். ஒரு தவணையில் அவர் மேசையில் இருந்த நாட்களை விட வகுப்புகளில் நின்ற நாட்களே மிகுதி. அலுமாரிக்குப் புதிய கலைக்களஞ்சியம் வாங்குவதற்கு நன்கொடை சேர்க்கும் பழைய மாணவர்கள், அதற்கு முன்னால் ஓர் ஆள் உட்கார நேரம் இருக்கிறதா என்றும் அதிபரைக் கேட்பார்களாக.

எந்த மேசையும் தனித்து நிற்கமுடியாது. தன்னிடம் இல்லாதது எங்கே உண்டு என்று அறிந்திருப்பதும் அதன் பணியே. 1981இற்கு முன்பு யாழ்ப்பாணத்திலே அதற்கு விடை எளிதாக இருந்தது என்று என்னுடைய ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: 'பொதுநூலகத்துக்குப் போய்ப் பார்'. அவ்வாண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் அது எரியூட்டப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் அழிந்தன. நூல்களோடு, எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று அறிந்தவர்களின் அறிவும் பயனற்றுப்போயிற்று. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. பொதுநூலகம் இன்று இயங்குகின்றது. பழைய பத்திரிகைகளுக்கு மட்டும் இன்னும் கொழும்புக்கே எழுதவேண்டியிருக்கின்றது. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச்சட்டம் 1885இலேயே பிறந்தமையால், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வேறெங்கும் இல்லாதவை கிடைப்பதுண்டு.

விடை காணப்படாத வினாக்களை எங்கள் நூலகர் சீ. ஆர். கொப்பியின் கடைசிப் பக்கங்களிற் சிவப்பு மையால் எழுதிவைக்கின்றார். தன் ஊர்ச் சனசமூக நிலையம் எந்த ஆண்டில், யார் தலைமையில் திறந்துவைக்கப்பட்டது என்று ஒரு மாணவன் கேட்டிருந்தான். ஊரில் எவருக்கும் தெரியவில்லை. கல்வெட்டு குண்டுவீச்சிற் போய்விட்டது. பல இடங்களுக்குக் கடிதம் எழுதப்பட்டது. பழைய பத்திரிகைச் செய்தி ஒன்றின் நிழற்பிரதி வந்து சேர்ந்தபோது அந்த மாணவன் பரீட்சை எழுதிவிட்டுப் பாடசாலையை விட்டுப் போய்விட்டான். நூலகர் பிரதியை உறையிலிட்டு, கொப்பியில் அந்த வினாவுக்கு எதிரே நீல மையால் திகதியை எழுதினார். சென்ற தவணையில் அதே ஊரிலிருந்து இன்னொரு பிள்ளை, ஆறாந் தரம், மேசைக்கு வந்து, பழைய பத்திரிகை எங்கே இருக்கும் என்று கேட்டாள்.